பருவமழை வகுக்கும் வார இறுதி

சென்னையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் இயற்கையைத் தேடிப் புறப்படுபவர்களின் பேச்சில் முதலில் வருபவை ஏலகிரி, ஏற்காடு போன்ற மலையூர்கள்தாம். ஆனால் அவை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், விடுப்பின் பெரும்பகுதி நெடுஞ்சாலையிலும் சுங்கச்சாவடி வரிசையிலுமே கரைந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் சென்னையைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் சமவெளி. ஏரி, உப்பங்கழி, சதுப்பு, மணற்கரை ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இந்த நிலத்தின் உயிர்ச்செழிப்பு முழுவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. நகரம் ஓர் ஆண்டில் பெறும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுவதால், சென்னையைச் சுற்றியுள்ள இடங்களைப் பொறுத்தவரை எங்கே செல்வது என்பதைவிட எந்த மாதத்தில் செல்வது என்பதே முதன்மையான கேள்வியாகிறது. நவம்பரில் பல்லாயிரம் பறவைகளோடு விளங்கும் ஓர் ஏரியை ஜூன் மாதத்தில் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று திரும்புவோர் அந்த இடத்துக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. மழை சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும் இந்நிலத்தில், சரிவின் குறுக்கே மண்கரை எழுப்பி ஓடும் நீரைத் தேக்கும் முறை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது. தேக்கிய நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாயில் மதகு எனப்படும். கொள்ளளவுக்கு மேல் சேரும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கல்லால் கட்டப்படும் தாழ்வான பகுதி கலங்கல். ஒரு கலங்கலில் வழியும் நீர் கால்வாய் வழியே கீழேயுள்ள அடுத்த ஏரியை நிரப்ப, அதன் கலங்கல் அதற்கடுத்த ஏரிக்கு நீர் கொடுக்க, இவ்வாறு ஏரிகள் சங்கிலித் தொடராகப் பிணைந்திருக்கின்றன. உழவுக்காக மனிதர் வெட்டிய இந்த நீர்நிலைகளே பின்னர் காட்டுப் பறவைகளின் பேறுகால வீடாகவும் ஆயின என்பதுதான் இப்பகுதியின் தனிச்சிறப்பு. மனிதர் காலடி படாத இடத்தில்தான் இயற்கை இருக்கும் என்று எண்ணி வருபவர் அந்த எண்ணத்தை இங்கே மாற்றிக்கொள்ள நேரும்.

அதற்குச் சிறந்த சான்று வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், ஜி.எஸ்.டி. சாலையின் படாளம் கூட்டுரோட்டில் மேற்கே திரும்பினால் வரும் இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. ஏரிக்குள் கூட்டமாக நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், அடிமரம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் வாழ வல்லவை. மழை பெய்து மரங்களைச் சுற்றி நீர் ஏறியதும் அவை ஒவ்வொன்றும் ஒரு தீவாகிவிடுகின்றன. பூனையோ நரியோ எளிதில் நெருங்க முடியாத அந்தக் கிளைகளில்தான் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா ஆகியவை அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் ஏரியில் கரைந்து, அந்நீர் மதகு வழியே நெல் வயலை அடைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்நீர் பயிருக்கு உரமாவதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். பறவைகளை அவர்கள் காத்துவந்ததற்கு அன்போடு இந்த அறிவும் காரணம்.

அக்காப்பு எழுத்திலும் இடம்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுட வந்த சிப்பாய்கள்மீது கிராமத்தார் முறையிட்டதாகவும், 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைக் கொல்லக்கூடாது என்று கவுல், அதாவது அரசின் உறுதிப் பத்திரம், வழங்கியதாகவும், அது 1858இல் புதுப்பிக்கப்பட்டதாகவும் இவ்வூரின் வரலாறு கூறுகிறது. இதே பிளேஸ் அருகிலுள்ள மதுராந்தகத்தில் வேறொரு கதையில் வருகிறார். அவ்வூர்ப் பெரிய ஏரியின் கரை மழை வெள்ளத்தில் உடையும் நிலைக்கு வந்த இரவில், இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டதாகவும், நன்றிக்கடனாகக் கோதண்டராமர் கோயிலில் தாயார் சன்னதியைக் கட்டித் தந்ததாகவும் ஐதீகம். ஏரிகாத்த ராமர் என்ற பெயர் அதனால் வந்தது. ஐதீகத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம் என்றாலும், ஏரிக்கரை உடைவது ஒரு வட்டாரத்துக்கே எத்தனை பெரிய அச்சமாக இருந்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. வேடந்தாங்கலுக்குச் செல்பவர்கள் மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் செலவிட்டால், அந்த நீரமைப்பின் முழு அளவும் கண்ணுக்குப் புலப்படும்.

வேடந்தாங்கலைப் பற்றி நெடுங்காலமாக நிலவும் ஒரு தவறான கருத்தைத் திருத்துவது நல்லது. சைபீரியாவிலிருந்து பறவைகள் இங்கே முட்டையிட வருகின்றன என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் இங்கே கூடு கட்டுபவை இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே நீரைத் தேடி இடம்பெயரும் பறவைகள். வட ஆசியாவிலிருந்து வரும் வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே இங்கே தங்கி, இனப்பெருக்கத்துக்குத் தத்தம் வடபுலத்துக்கே திரும்பிவிடுகின்றன. பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பத்து நிமிடங்களில் இறங்கிவிடாமல், கரையில் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே மரத்தைத் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்ப்பதே இங்கே பயன் தரும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடிய நிலையிலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்பதும், ஓட்டுக்குள் ஒடுங்கிய நத்தையின் சதையை வெளியே எடுக்க ஏற்ற கருவியாக அந்த அலகு அமைந்திருப்பதும் அப்போதுதான் விளங்கும். குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் அது தோன்றுகிறது. இரை தேடி வயல்வெளிகளுக்குச் சென்ற பறவைகள் மாலை மூன்று மணிக்குமேல் கூட்டங்கூட்டமாகத் திரும்புவதால், நண்பகலில் வந்து நண்பகலிலேயே திரும்பும் பயணத் திட்டம் இங்கே பொருந்தாது.

சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கரிக்கிலியில் கூட்டம் குறைவு. அங்கே நீர் ஆழமற்றிருப்பதால், மரத்தில் கூடு கட்டும் பறவைகளைவிட ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் முதலிய நீர்மேய் பறவைகளும் உள்ளான்களுமே மிகுதி. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், நீரின் ஆழம் எந்தப் பறவைக்கு இடம் தருகிறது என்பது நன்கு புரியும். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களை அடையாளம் காணும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இவ்விரு ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் 2022இல் இடம்பெற்றன. வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியோடு முடிவதன்று. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் ஆரமும் 1998இல் அதன் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. அந்த ஆரத்தைக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது, ஏனெனில் கூடு ஏரியில் இருந்தாலும் இரை சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும்தான் இருக்கிறது.

நகரின் வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் காட்சி வேறு. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான பழவேற்காட்டின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் அடங்குகிறது. தென்முனைதான் தமிழகத்தைச் சேர்ந்தது. காயல் என்பது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, முகத்துவாரம் வழியே மட்டும் கடலோடு கலக்கும் நீர்ப்பரப்பு. இங்கே அந்தத் திட்டு ஸ்ரீஹரிகோட்டா தீவு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரால் உப்பு குறைவதும், கோடையில் நீர் வற்றி உப்பு கடலையும் மிஞ்சுவதுமாக ஆண்டுதோறும் மாறும் இந்த ஆழமற்ற நீரில், சேற்றுப்பரப்பு வெளிப்படும் குளிர்கால மாதங்களில் பூநாரைகள் திரள்கின்றன. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக இருக்கும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, அலகின் ஓரச் சீப்புகளில் சிக்கும் பாசியையும் நுண்ணுயிர்களையும் அவை உண்கின்றன. இறகின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே கிடைக்கிறது. அவற்றை நெருக்கமாகக் காண ஏற்ற இடம், காயலின் குறுக்கே சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை.

பழவேற்காட்டு ஊரில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை மண்மேடாகிவிட்டது. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த அவர்களின் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. கல்லறைகளைவிட ஆழ்ந்து கவனிக்கத் தக்கது மீனவர்களின் பாடு முறை. காயலில் இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஒருவரே கைப்பற்றிக்கொள்ளாமல், உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுப்போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவது நின்று, இந்த ஏற்பாட்டின் அடிப்படையே ஆட்டங்காணும். ஆகவே முகத்துவாரம் பற்றிய அவர்களின் கவலை வெறும் ஊர்ப்பேச்சு ஆகாது. படகுச் சவாரியை நாடுவோர் ஒன்றை மறக்கலாகாது: 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாமல் கரையில் நின்றே பார்ப்பது குறைவான அனுபவம் அன்று.

மலையும் அருவியும் வேண்டுவோர்க்கு ஆந்திர எல்லைக்குள் தடாவை அடுத்த உப்பலமடுகும் நாகலாபுரம் மலைகளும் உண்டு. வனத்துறையின் அனுமதியோடு, மழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்துச் செல்வதே அறிவுடைமை. மேலே எங்கோ பெய்யும் மழை ஓடையில் திடீரென வெள்ளமாக இறங்குவதும், அமைதியாகத் தோன்றும் குட்டைகள் ஆழமாக இருப்பதும் அங்கே உயிர்ச்சேதத்துக்கு வழிவகுப்பவை.

எல்லாவற்றிலும் அருகிலிருப்பது, நகருக்குள்ளேயே வாய்ப்பது, ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் கடலாமைகள் நள்ளிரவில் சென்னைக் கடற்கரையில் ஏறி, பின்துடுப்புகளால் குடத்தின் வடிவில் குழி தோண்டி, நூறுக்குமேல் முட்டையிட்டு, மணலை மூடி, உடலால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், நாய்களும் மனிதரும் எடுத்துவிடாதபடி அந்த முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். பருவகாலத்தின் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான அவர்களின் நடையில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், இருட்டில் சற்றே ஒளிரும் கடலின் அடிவானத்தை நோக்கி ஊர்வதே இயல்பு. கரையோர விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை சாலைப் பக்கம் திரும்பி மடிகின்றன. 2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரைக்கு அருகில் இழுவை மடி போடும் விசைப்படகுகளின் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தவை அவற்றில் பெரும்பாலானவை என்று கருதப்படுகிறது. ஆமை தப்பிச் செல்லும் திறப்பு வலையில் இருக்க வேண்டும் என்ற விதியும், கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்ற சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கடலில் நடைமுறைப்படுத்துவதும், முட்டைப் பருவத்தின் மூன்று நான்கு மாதங்களுக்குக் கரையோர விளக்குகளை இரவில் அணைத்துவைப்பதும் அரசும் மாநகராட்சியும் உடனடியாகச் செய்யக்கூடிய வேலைகள்.