தோடியின் காந்தாரத்தை எழுதிக் காட்டுவது எப்படி?

தோடி ராகத்தின் காந்தாரத்தை எழுத்தில் காட்டும்படி ஒரு சங்கீத விமர்சகரைக் கேட்டால், அவர் 'க' என்னும் ஓரெழுத்தை எழுதி, அதற்கு ஸாதாரண காந்தாரம் என்று பெயரும் சொல்லிவிடுவார். ஆனால் வித்வான் பாடும்போது அந்த ஸ்வரம் பெரும்பாலும் தன் ஸ்தானத்தில் அசையாமல் நிற்பதில்லை என்பதும், ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும் அந்த அசைவே தோடிக்கு உயிர் என்பதும், காதால் கேட்டவருக்கு அன்றி மற்றவருக்கு விளங்குவது அரிது. பேசப்படும் பொருள் பேசும் இடத்தில் இருப்பதில்லை. சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகுந்த எவருக்கும் உள்ள ஆதிச் சங்கடம் இதுவே. அச்சும் மேடைப் பிரசங்கமும் இணையதளமும் இதற்கு வெவ்வேறு விதமாகப் பரிகாரம் தேடியிருக்கின்றன.

அச்சின் பரிகாரங்களுள் மிகத் துணிச்சலானது எட்டயபுரத்தில் நடந்தது. 1904-ஆம் ஆண்டில் அங்கே சுப்பராம தீட்சிதர் தெலுங்கு லிபியில் வெளியிட்ட 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யில், ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறியீடு அமைத்து, ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிட்டார்கள். அபாரமான முயற்சிதான், எனினும் அக்குறிகளைப் படித்துப் பாட வல்லவர் முன்பே அவற்றைக் கேட்டறிந்தவராகத்தான் இருக்க வேண்டியிருந்தது. வாரப் பத்திரிகைக்கோ இத்தகைய குறியீடுகள் உதவா. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரிகளைப் பற்றி எழுதிய கல்கி, ஸ்வர ஆராய்ச்சியை வாசகர் தலையில் சுமத்தாமல், ஹாஸ்யம் கலந்த எளிய நடையில் எழுதியதனால், ஆரோகணம் அவரோகணம் அறியாதவரும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தனர். பின்னாளில் டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே விமர்சனம் எழுதிவந்த சுப்புடுவின் பேனாவுக்கு வித்வான்கள் அஞ்சினார்கள் என்பது நாடறிந்த செய்தி. இடம் குறைவு, அச்சேறிய சொல்லைத் திரும்பப் பெறவும் இயலாது என்ற இரண்டு நிர்ப்பந்தங்களும் சேர்ந்து, இவ்வளவுதான் என் தீர்ப்பு என்று சொல்லும் தைரியத்தை அச்சுக்கு அளித்தன. அந்தத் தைரியம் சில வேளைகளில் அநியாயமாகவும் முடிந்ததுண்டு.

பிரசங்கத்தின் சங்கதி வேறு. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனையொட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக மறு ஆண்டு தோன்றிய மியூசிக் அகாடமியில், மார்கழிக் காலைகளில் நிகழும் விளக்கவுரையை ரசிகர்கள் 'லெக்-டெம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பைரவியில் ஏறும்போது சதுச்ருதி தைவதமும் இறங்கும்போது சுத்த தைவதமும் வருகின்றன என்பதை எழுதி விளக்க ஒரு பத்தி வேண்டும். விளக்கவுரையாளர் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் போதும், சபையில் இருப்பவர் தலைகள் தாமே அசையும். கூறியது தவறாயின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வித்வான் அங்கேயே ஆட்சேபித்துப் பாடியும் காட்டிவிடுவார். மேல்நாட்டில் 1954-இல் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தொலைக்காட்சியில் செய்ததும் இதே காரியம்: பீத்தோவனின் ஐந்தாம் ஸிம்பொனியின் முதல் பக்கத்தை ஸ்டூடியோத் தரையில் பெரிதாக வரையச் செய்து, வாத்தியக்காரர்களை அதன்மேல் நிறுத்தி, பீத்தோவன் எழுதிப் பார்த்துத் தள்ளிவிட்ட பகுதிகளையும் வாசிக்கச் சொல்லி, அவை ஏன் தள்ளப்பட்டன என்பதைக் கேட்போர் செவியே தீர்மானிக்கும்படி விட்டார்.

ஆயினும் பேச்சு காற்றோடு போவது. குரல் இனிமையாக இருந்துவிட்டால், பலவீனமான வாதமும் நிமிர்ந்து நின்றுவிடும் என்ற அபாயமும் அதில் உண்டு. இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம், ஏமாந்தும் இருக்கிறோம். அகாடமியே 1930 முதல் தன் சஞ்சிகையை அச்சிடத் தொடங்கியது, பேசியதைப் பின்னால் நிதானமாகச் சரிபார்க்க ஓர் ஏடு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதற்குச் சமம். அச்சஞ்சிகையின் பழைய தொகுதிகள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

இணையதளம் சொல்லையும் நாதத்தையும் ஒரே பக்கத்தில் அமர்த்திவிட்டது. ஆலாபனையின் எந்த நிமிஷத்தில் அந்தப் பிரயோகம் வருகிறது என்று சுட்டி, வாசகரை அவ்விடத்துக்கே அழைத்துச் செல்லலாம். பிழை நேர்ந்தால் அன்றைக்கே திருத்தலாம். எட்டயபுரத்தார் கண்டிருந்தால் வியந்திருப்பார். ஆனால் இந்த வசதியே எழுத்தைச் சோம்பேறியாக்கியும் விட்டது. வித்வான் என்ன செய்தார் என்று வர்ணிக்க வேண்டிய இடத்தில், கேட்டுப் பாருங்கள் என்ற ஒரு சொல்லோடு விமர்சகர் விலகிக்கொள்கிறார். வாசகர் கேட்பதும் விமர்சகர் சபையில் கேட்டதை அன்று. மிருதங்கத்தின் தொப்பி நாதம் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஏறுவதே இல்லை, ஆகவே லய விவகாரத்தில் அந்தச் சாட்சியம் பாதிச் சாட்சியம்தான். பதிப்புரிமை காரணமாக ஒலிப்பதிவு நீக்கப்பட்டுவிட்டாலோ, அதையே நம்பி எழுதிய கட்டுரை திரியில்லாத விளக்காய் நிற்கிறது. இடத்துக்குக் குறைவில்லாமையால், பாடிய கிருதிகளின் ஜாபிதாவே விமர்சனம் என்ற பெயரில் நீண்டுபோவதும் உண்டு.

ராக லட்சணத்தை விளக்குவதற்கு இன்னமும் மேடையே மேல் என்பது நம் அபிப்பிராயம். ஒரு கச்சேரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் குறுகிய அச்சுப் பத்தியை மிஞ்சியதொன்றை நாம் இதுவரை படித்ததில்லை. இணையதளம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு: கச்சேரி நடந்த தேதியையும் சபையையும் பக்கவாத்தியக்காரர் பெயர்களையும் கட்டுரையின் தலையிலேயே போடுங்கள், திருத்தம் செய்தால் எதை எப்போது திருத்தினீர்கள் என்று அடியில் குறியுங்கள், ஒலிப்பதிவை இணைக்கும் முன்னே, அதில் எதைக் கேட்க வேண்டும் என்று நான்கு வரியேனும் எழுதச் சொல்லுங்கள்.