பேட்டரி படகு எவ்வளவு தூரம் போகும்?

பேட்டரி படகுன்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?" நான் திருப்பிக் கேக்குறது, "எவ்வளவு வேகமா போகணும்?" ஏன்னா தூரத்தை முடிவு பண்றது பேட்டரியைவிட வேகம்தான்.

எனக்கு ஊர் காஞ்சிபுரம். எங்க ஊர்ல படகு சவாரி கிடையாது, ஆனா வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துல தெப்பம் உண்டு. தமிழ்நாட்டுல பல குளங்கள்ல, கரையில நிக்கிறவங்க கயித்தைப் பிடிச்சு இழுத்தே தெப்பத்தை நகர்த்திடுவாங்க. அவ்வளவு பெரிய தெப்பம் மனுஷ பலத்துக்கே எப்படி நகருது? மெதுவா போறதாலதான்.

தண்ணியோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா கூடும். அதைத் தாண்டிப் போகத் தேவையான பவர், ஏறக்குறைய வேகத்தோட கனமா கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்குன்னா பவர் எட்டு மடங்கு.

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்கு 4 கிலோவாட் கேக்குற ஒரு சின்ன படகு, அதுல 10 யூனிட் பேட்டரி. நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். இரண்டரை மணி நேரம் ஓடும், 25 கி.மீ. போகும். இப்போ வேகத்தை 5 கி.மீ. ஆக்குங்க. அரை கிலோவாட் போதும், 20 மணி நேரம் ஓடும், 100 கி.மீ. போகும். அதே பேட்டரி, நாலு மடங்கு தூரம்.

"பெரிய பேட்டரி வச்சா முடிஞ்சுதே"ன்னு தோணும். ஒரு லிட்டர் டீசல் என்ஜின் வழியா சுமார் 3 யூனிட் வேலை தரும். அதே அளவுக்கு லித்தியம் பேட்டரி சுமார் 20 கிலோ வேணும். எடை கூடினா படகு இன்னும் ஆழமா அமிழும், எதிர்ப்பும் கூடும். செலவு தனி.

இதை நேர்ல பார்க்கணும்னா கேரளாவுல வைக்கம் போங்க. நமக்குப் பெரியாரால தெரிஞ்ச அதே வைக்கம். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' ஓடுது. நவால்ட் நிறுவனம் கட்டினது, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுது. 75 பேர் போகலாம். 20 கிலோவாட் மோட்டார் இரண்டு, 50 யூனிட் பேட்டரி, கூரை முழுக்க சோலார் பேனல். சுமார் இரண்டரை கி.மீ. தூரத்தை 15 நிமிஷத்துல கடக்குது, அதாவது மணிக்கு 10 கி.மீ. சைக்கிள் வேகம்கூட இல்லை. ஆனா டீசல் புகை இல்லை, என்ஜின் இரைச்சல் இல்லை, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கத்தாம பேசலாம்.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது. ஆத்துல எதிர்நீரோட்டம் மணிக்கு 3 கி.மீ. இருந்தா, 5-ல போற படகு உண்மையில 2 கி.மீ.தான் முன்னேறும். எதிர்காத்தும் அப்படித்தான். அதனால சார்ஜ்ல கொஞ்சம் எப்பவும் மிச்சம் வைக்கணும். அவசரமா கடலுக்குள்ள போய்த் திரும்புறவங்களுக்கு இன்னைக்கும் டீசல்தான் கைகொடுக்குது.

ஆனா காயல், ஏரி, கால்வாய்னு அலை குறைஞ்ச தண்ணியில பேட்டரி நல்லாவே பொருந்தும். அங்க படகு வாங்க யோசிக்கிறவங்க பேட்டரி சைஸை அப்புறம் பாருங்க. முதல்ல டைம்டேபிளை எடுங்க. பத்து நிமிஷம் கூடுதலா விட முடியுமான்னு பாருங்க. முடிஞ்சா, சின்ன பேட்டரியே போதும்.