கூரைநீரும் கண்மாயும்

பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளிலிருந்து இறங்கும் தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிறைந்து செல்லும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். மலையிலிருந்து வரும் அந்த நீரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டதும் வத்திராயிருப்பின் வீதிகளிலிருந்து அதே பள்ளங்களை நாடி ஓடும் நீர் ஒன்றும் உண்டு. அதன் யோக்கியதையைச் சற்று விஸ்தாரமாகவே பேச வேண்டியிருக்கிறது.

மொட்டைமாடியில் விழுகிற மழை, விழுந்த கணத்தில், பெரும்பாலும் சுத்தமானதுதான். குழாய் வழியாகத் தெருவில் கொட்டிய பிறகே அதற்குக் கெட்ட சகவாசம் ஏற்படுகிறது: மோட்டார் சைக்கிள் நின்ற இடத்து எண்ணெய்ப் பிசுக்கு, மாட்டுச் சாணம், பாலித்தீன் பை, டீக்கடை வாசலில் எறிந்த காகிதக் கோப்பை இவ்வளவையும் திரட்டிக்கொண்டு வாறுகாலில் இறங்கி, அங்கே மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த கசட்டையும் கிளப்பி, ஓடை வழியாகக் கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகாயத்தாமரை செழிப்பதற்கு இதைவிட நல்ல உரம் வேண்டியதில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் ஓர் இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். தளம் உறிஞ்சியதும் சிதறியதும் போக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 4,000 லிட்டர் மிஞ்சும். 50 வீடுகள் உள்ள தெரு என்றால் 2 லட்சம் லிட்டர் வாறுகாலைக் கழுவிக்கொண்டு போகிறது.

2003-ஆம் வருஷம் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, ஆகஸ்ட் 31-க்குள் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும், தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கண்டிப்புக் காட்டியபோது, ஜனங்கள் அவசரம் அவசரமாகக் குழி தோண்டிக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பினார்கள். அன்று பிரதானமாகப் பேசப்பட்டது நிலத்தடி நீர். ஆகவே கிணறு ஊறியதா இல்லையா என்பதை வைத்தே அக்குழியின் பலாபலனை இன்றும் எடை போடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், கிணற்றில் ஓர் அடி ஏறாத வீட்டிலும், தெருவுக்குப் போகவிருந்த தண்ணீரை மனைக்குள்ளேயே நிறுத்தியவகையில் குழி பாதி வேலையைச் செய்துவிட்டது. ஜெர்மனியின் பல நகரங்களில், சாக்கடைக்கு மழைநீரை அனுப்பும் கூரையையும் தளத்தையும் அளந்து அதற்கென்று தனிக் கட்டணமே வசூலிக்கிறார்கள். நீரைத் தன் மனையிலேயே இறக்கிக்கொள்பவருக்குக் கட்டணம் குறையும். நம் நகராட்சிகள் யோசிக்கத் தக்க விஷயம்.

தொட்டியில் சேமிக்க விரும்புவோர் முதல் மழையிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கோடையெல்லாம் படிந்த புழுதியும் காக்கை எச்சமும் வேப்பஞ்சருகும் கரைந்து, அது கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இறங்கும். இறங்கு குழாயில், தொட்டிக்குப் பிரியும் கிளைக்குக் கீழேயும் நேர்க்குழாய் தொடரும்படி ‘டி’ (T) இணைப்பு ஒன்றைப் பொருத்தி, நேர்க்குழாயின் அடியை மூடியிட்டு அடைத்துவிட்டால், அழுக்கு நீர் அதில் நிரம்பி நின்றுவிட, பின்னால் வரும் தெளிந்த நீரே தொட்டிக்குத் திரும்பும். ஆனால் நான்கு அங்குலக் குழாயில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். நாம் சொன்ன மாடிக்கு முதல் ஒரு மில்லிமீட்டரே 100 லிட்டர் என்பதால், அடியில் ஒரு டிரம்மைச் சேர்ப்பதே உசிதம். மழை விட்டதும் அதைத் திறந்து வாழைக்கோ தென்னைக்கோ விட வேண்டுமேயொழிய, வாறுகாலில் விட்டால் இத்தனை சிரமமும் வீண்.

குழி வெட்டியிருப்போர் புரட்டாசிக்கு முன் கல்லையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட வேண்டும். கரிசலில் வெட்டிய குழியும் செம்மண்ணில் வெட்டிய குழியும் ஒரே வேகத்தில் நீரை உள்வாங்குவதில்லை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)