எடை சரி, இடைவெளி தவறு!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் நீண்ட டிரெய்லர் லாரிகளைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் ஓட்டுநர் அமரும் இழுவை வண்டி. அதன் முதுகில் தலையைச் சாய்த்தாற்போல் நீளமான பெட்டி. பெட்டிக்கு முன்சக்கரம் கிடையாது. அதன் அடியில் உள்ள 'கிங்பின்' என்ற தடித்த எஃகு முளை இழுவை வண்டியின் மேலுள்ள தட்டில் பொருந்திக்கொள்கிறது. ஆகவே பெட்டியின் சுமையில் ஒரு பங்கை இழுவை வண்டியும், மறுபங்கைப் பெட்டியின் பின்சக்கரங்களும் தாங்குகின்றன.

இத்தகைய லாரிக்கு வழக்கமாக 5 அச்சுகள். ஓட்டுநர் பக்கம் ஒன்று, இழுவை வண்டியின் பின்புறம் ஓர் இரட்டை அச்சு, பெட்டியின் பின்புறம் மற்றோர் இரட்டை அச்சு. மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைகளில் மொத்த எடை 80,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 36 டன்னுக்கு, மேல் போகக்கூடாது. தனி அச்சுக்கு 20,000 பவுண்டு, இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு வரம்பு.

ஒரு லாரி எடைமேடையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னச்சில் 12,000, இரண்டு இரட்டை அச்சுகளிலும் 34,000 வீதம். கூட்டினால் கச்சிதமாக 80,000. எந்த வரம்பும் மீறப்படவில்லை. ஆனாலும் அதிகாரி லாரியை விடவில்லை. அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கத் தொடங்குகிறார்!

காரணம் புரிய, வாய்க்காலின் குறுக்கே போட்ட 8 அடிப் பலகை ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூட்டைகளையும் நட்டநடுவில் வைத்தால் பலகை நன்றாக வளையும். அவற்றைப் பிரித்து, இக்கரையிலிருந்து 2 அடியில் ஒன்றும் அக்கரையிலிருந்து 2 அடியில் மற்றொன்றும் வைத்தால், பலகையை நடுவில் ஒடிக்கப் பார்க்கும் திருப்புத்திறன் சரிபாதியாகிவிடும். மூட்டைகளின் எடை இம்மியும் மாறவில்லை. பாலமும் பலகைதான். சக்கரங்கள் நெருங்கிய லாரி தன் பாரம் முழுவதையும் பாலத்தின் நடுவே குவித்துவிடும்.

(சாலைத் தளத்தின் கதை வேறு. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுச் சோதித்தார்கள். தளத்தின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் பெருகுகிறது என்று தெரிந்தது. எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு!)

மொத்த வரம்பு முன்பு 73,280 பவுண்டாக இருந்தது. 1974-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அதை 80,000 ஆக உயர்த்தியபோது, பாலங்களைக் காக்க ஒரு சூத்திரத்தையும் சேர்த்தது. ஓர் அச்சுக் குழுவின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் உள்ள தூரத்தை அடியில் அளந்து, அச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுக்க வேண்டும். அதோடு எண்ணிக்கையின் 12 மடங்கையும் 36-ஐயும் கூட்டி, 500-ஆல் பெருக்கினால் அனுமதிக்கப்பட்ட எடை பவுண்டில் கிடைக்கும்.

நம் லாரியில் 2-ஆம் அச்சிலிருந்து 5-ஆம் அச்சுவரை 33 அடி. 33 × 4 ÷ 3 = 44. 44 + 48 + 36 = 128. 500-ஆல் பெருக்கினால் 64,000. ஆனால் இந்த நான்கு அச்சுகளும் சுமப்பது 68,000! 4,000 பவுண்டு அதிகம்.

சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. இந்தத் தூரம் 36 அடியோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டு இரட்டை அச்சுகளும் 34,000 வீதம் சுமக்கலாம். பல பெட்டிகளில் பின்சக்கரத் தொகுதியை நகர்த்த வசதி இருக்கிறது. பூட்டு முளைகளை விடுவித்து, பெட்டியின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் போட்டு, இழுவை வண்டியை மெல்ல முன்னே செலுத்தினால் பெட்டி முன்னே நகரும்; சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். 3 அடி நகர்த்தினால் போதாதா?

இங்கேதான் நெம்புகோல் தத்துவம் குறுக்கிடுகிறது. கிங்பின், முன் இரட்டை அச்சின் மையத்துக்கு நேர் மேலே இருப்பதாகக் கொள்வோம். பின் இரட்டை அச்சின் மையம் அதிலிருந்து 29 அடியில் இருந்தது. கிங்பின்னைப் பொறுத்த திருப்புத்திறன் 34,000 × 29 = 9,86,000. சரக்கு அசையாததால் இது மாறாது. தூரம் 32 அடியானதும் பின்னச்சின் பங்கு 9,86,000 ÷ 32, அதாவது சுமார் 30,800 ஆகக் குறைகிறது. மீதி 3,200 பவுண்டு முன்னே போய், அங்கே 37,200 ஆகிவிடுகிறது. இடைவெளியைத் திருத்தப் போய் அச்சு வரம்பு மீறிவிட்டது! (நகரும் சக்கரங்களின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இனி சரக்கைத்தான் நகர்த்த வேண்டும். பின்னச்சு மறுபடி 34,000 பவுண்டைத் தாங்க 34,000 × 32 = 10,88,000 திருப்புத்திறன் தேவை. குறைவது 1,02,000. ஆகவே 10,200 பவுண்டுச் சரக்கை 10 அடி பின்னே தள்ள வேண்டும். அது நாலரை டன்னுக்கும் மேல்! வழியில் இது நடக்கிற காரியமா? அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சரக்கு ஏற்றும் இடத்தைவிட்டுப் புறப்படும் முன்பே எடையையும் இடைவெளியையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார்கள்.

முதல் மூன்று அச்சுகளின் கணக்கை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். தூரம் 22 அடி, சுமை 46,000 பவுண்டு. அதிகாரி விடுவாரா?