வானத்தில் வெடித்தது எது?

பட்டப்பகலில், மேகமே இல்லாத வானத்திலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். ஓட்டு வீடு கிடுகிடுக்கிறது, அடுக்கி வைத்த பாத்திரங்கள் குலுங்குகின்றன, கட்டுத்தரையில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுக்கின்றன. கோவை, திருப்பூர் பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட செய்தி அவ்வப்போது வரும். கூடவே வாட்ஸ்அப்பில் நிலநடுக்கம், விண்கல், விமான விபத்து என்று ஆளுக்கொரு காரணமும் வரும்.

இந்த ஊகங்களை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியைச் சுமார் 6 ரிக்டர் நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது. விண்கல்லும் வெடிக்கக்கூடியதுதான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்று வெடித்தது. ஒளியைப் பார்க்க சன்னலோரம் ஓடியவர்கள்மீது, பின்னால் வந்த அதிர்வு கண்ணாடியைச் சிதறடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள்.

ஆனால் கொங்கு மண்ணில் முதலில் நினைக்க வேண்டியது சூலூர் விமானப்படைத் தளத்தை. தேஜஸ் போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. ஒலியைவிட வேகமாக விமானம் பறந்தால், அது எழுப்பும் சத்தம் முன்னே போக முடியாமல் ஒன்றாகத் திரண்டு அதிர்வலையாகிறது. அணையில் படகு கடந்து போன பிறகு அலை கரையில் வந்து மோதுவதுபோல, அது தரையில் மோதுகிறது. சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் வானம் காலியாக இருப்பது இதனால்தான்.

2020 மே 20 அன்று பெங்களூரு அப்படித்தான் அதிர்ந்தது. நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. விமானப்படையின் சோதனை விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில், ஒலியை மிஞ்சிய வேகத்திலிருந்து குறைத்தபோது எழுந்த ஒலியாக அது இருக்கலாம் என்றும், விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கேட்கும் என்றும் பாதுகாப்புத் துறை அன்றே விளக்கியது.

எல்லாப் பழியையும் விமானத்தின் மேல் போடவும் முடியாது. விமானமே இல்லாத 19-ம் நூற்றாண்டில், கங்கைக் கழிமுகத்தின் பாரிசாலில் பீரங்கி முழங்குவதுபோன்ற சத்தம் கேட்டதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு முடிவான விளக்கம் இன்றும் இல்லை. கொங்குப் பகுதியில் கல்குவாரி வெடியும் இருக்கிறது. தரையில் நடந்த வெடிப்பை வானத்தின் மேல் போட்டதும் உண்டு. 2016 பிப்ரவரியில், கொங்குக்கு வெளியே நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்றே அரசு முதலில் அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, அது தரையில் நடந்த வெடிப்பாகத் தெரிகிறது என்றார்கள். வானத்தைக் காரணம் காட்டினால் தரையில் நடந்ததை யாரும் விசாரிக்க மாட்டார்கள், அதுதான் கவலை.

உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நில அதிர்வு பாறை வழியே வினாடிக்கு 5, 6 கிலோமீட்டர் ஓடும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். எந்த ஊரில் எப்போது உணரப்பட்டது என்று ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். 1989-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் கலிஃபோர்னியாவில் தரையிறங்க வந்தபோது எழுந்த அதிர்வொலி நில அதிர்வுமானிகளில் பதிவானது. அந்தப் பதிவை வைத்தே விஞ்ஞானிகள் ஓடத்தின் பாதையை ஆராய்ந்தார்கள்.

பெங்களூருக்குக் கிடைத்த விளக்கம் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் அன்றன்றே கிடைக்க வேண்டும். அடுத்த முறை சத்தம் கேட்டால் செல்போனில் மணியை வினாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வெடியா, அடுத்தடுத்து இரண்டா, தரை ஆடியதா, சன்னல் மட்டும் அதிர்ந்ததா என்பதையும் எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள்.