மொய்சனைட் கல்லும் வார வட்டிக் கணக்கும்

மும்பை மாநகரில் மாட்டுங்காவுக்குத் தெற்கே அதனை ஒட்டி அமைந்துள்ள பகுதி தாதர். மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சந்திக்கும் இடமாதலின் அங்கு விடியற்காலை முதலே கூட்டம் மிகும். காய்கறியும் பூவும் மொத்தமாகக் கைமாறும் சந்தை ரயில் நிலையத்தை அடுத்தே உள்ளது. இப்பகுதியில் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘டோரஸ்’ என்னும் பெயருடன் பெரியதொரு நகைக்கடை திறக்கப்பட்டது. பிளாட்டினம் ஹெர்ன் என்ற கம்பெனி அதனை நடத்தி வந்தது. நவி மும்பை, கல்யாண், மீரா ரோடு முதலிய இடங்களிலும் அதற்குக் கிளைகள் ஏற்பட்டன.

2025 ஜனவரி 6-ஆம் நாள், திங்கட்கிழமையன்று, தாதர்க் கடையின் வாயிலில் பெருங்கூட்டம் கூடியது. நகை வாங்க வந்த கூட்டமன்று அது. அதற்கு முந்திய நாட்களில் தங்களுக்கு வரவேண்டிய வாரத் தொகை வராது நின்றுபோனதைக் கேட்க வந்தவர்களே அவர்கள். சிவாஜி பார்க் போலீஸ் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. அதற்கு அடிப்படையான புகாரைக் கொடுத்தவர் ஒரு காய்கறி வியாபாரி. பின்னர் மும்பைப் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரணையை ஏற்றுக்கொண்டு, 2025 மார்ச் மாதத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றவாளிகள் யாவர் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆயின் இந்நிகழ்ச்சியில் விஞ்ஞானத்தைப் பற்றியதும் கணக்கைப் பற்றியதுமான இரு செய்திகள் அடங்கியுள்ளன. கிராமங்களிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் மக்களுடன் பழகும் பணியாளர்களும், பள்ளி ஆசிரியர்களும் அவற்றை அறிந்திருத்தல் நலம்.

கடையின் திட்டம் எளிமையானது. பணம் கட்டியவருக்கு மொய்சனைட் என்னும் ஒளிமிக்க கல் பதித்த ஒரு பதக்கம் கொடுக்கப்பட்டது. அதற்குமேல், கட்டிய தொகையின் மீது வாரந்தோறும் ஏறத்தாழ 6 சதவீதம் வீதம் 52 வாரங்களுக்குப் பணம் வரும் என்று உறுதி கூறப்பட்டது. முடிவு நெருங்கிய நாட்களில் இவ்வீதம் இன்னும் உயர்த்தப்பட்டது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இதனினும் குறைந்த வீதங்கள் இருந்தன. புதியவர்களை அழைத்து வந்தோருக்குத் தனிச் சன்மானம் உண்டு. குலுக்கல் முறையில் மோட்டார் கார்களும் பரிசளிக்கப்பட்டன. சிறு வியாபாரிகளும் மாதச் சம்பளக்காரர்களும் சேமிப்பைக் கொண்டுவந்து கட்டினர். கல்லோ மிகக் குறைந்த விலையுடையது என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.

இனி அக்கல்லைப் பற்றிச் சிறிது காண்போம். 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விண்கல் விழுந்த ஒரு பெரும் பள்ளத்திலிருந்து கிடைத்த துண்டுகளை, ஹென்றி மொய்சான் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். அவற்றுள் மிக நுண்ணிய, பளபளப்பான படிகங்களைக் கண்டு, அவை வைரமே என்று முதலில் எண்ணினார். மேலும் ஆராய்ந்து, அவை வைரமல்ல, சிலிகனும் கரியும் சேர்ந்த சிலிகன் கார்பைடு என்னும் கூட்டுப்பொருள் என்று 1904-இல் கண்டறிந்தார். புளோரின் வாயுவைத் தனித்துப் பிரித்தமைக்கும் மின்சார உலையை அமைத்தமைக்கும் 1906-இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞரையே ஒருமுறை மயக்கிய படிகம் இது என்பது நினைவுகூரத் தக்கது. அவருடைய பெயரே அதற்கு இடப்பட்டது.

இயற்கையில் இப்பொருள் மிக அரிது. ஆனால் செயற்கையாக இதனைச் செய்தல் அரிதன்று. எட்வர்டு ஆச்சிசன் என்ற அமெரிக்கர் 1891-லேயே களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கி இதனைப் பெற்றார். ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டு விற்றார். கத்தியைத் தீட்டும் சாணைச் சக்கரத்திலும், இரும்பைத் தேய்க்கும் உப்புத் தாளிலும் உள்ள கருநிறப் பொடி பெரும்பாலும் இதுவே. சென்னையில் 1954-இல் தொடங்கப்பெற்ற கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனியின் பெயரில் அது இன்றும் நிலவுகிறது. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் இப்பொருளைக் கண்ணாடி போல் தெளிவான பெரும் படிகங்களாக வளர்க்கும் முறை கைவந்தது. அப்போதுதான் அது ஆபரணக் கல்லாயிற்று. காலப்போக்கில் பல நாடுகளில் உற்பத்தி பெருகவே விலை வெகுவாக வீழ்ந்தது. மொய்சனைட் என்றே கூறி, மொய்சனைட்டின் விலைக்கே விற்கும் வணிகத்தில் யாதொரு தவறும் இல்லை. ஆதலின் இக்கல்லின் மீது பழி சுமத்துதல் பொருந்தாது.

வைரத்தோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமைகள் பல. கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9¼. வைரத்தின் அடர்த்தி 3.52, இதன் அடர்த்தி 3.2. ஆதலால் மெத்திலீன் அயோடைடு என்னும் கனமான திரவத்தில் இட்டால் வைரம் மூழ்கும், மொய்சனைட் மிதக்கும். வெண்ணிற ஒளியைப் பல நிறங்களாகப் பிரிக்கும் ஆற்றல் இதற்கு வைரத்தைவிட இரு மடங்குக்கும் மேல். வானவில்லின் நிறங்கள் மிகுதியாகத் தெறிப்பதைக் கண்டு ‘இது உயர்ந்த வைரம்’ என்று பாமரர் எண்ணுவர். தேர்ந்த வியாபாரிக்கோ அம்மிகுதியே ஐயத்தை எழுப்பும்.

மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கல்லைச் சோதிக்கப் பேனா வடிவில் ஒரு சிறு மின்கருவி பல கடைகளில் இருக்கிறது. அதன் முனையைக் கல்லில் வைத்தால், வைரமாயின் விளக்கு எரிந்து ஓசை எழும். கல் எவ்வளவு விரைவாக உஷ்ணத்தைக் கடத்துகிறது என்பதையே அது அளக்கிறது. வைரம் செம்பைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு உஷ்ணத்தைக் கடத்தும். முன்னாளில் வைரத்துக்குப் போலியாக வந்த கியூபிக் சிர்கோனியா என்னும் கல்லோ உஷ்ணத்தை மிகச் சிறிதளவே கடத்தும். அவ்விரண்டையும் பிரித்தறியவே அக்கருவி செய்யப்பட்டது. மொய்சனைட்டோ ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உஷ்ணத்தைக் கடத்துவது. எனவே இதன்மீது வைத்தாலும் கருவி ‘வைரம்’ என்றே ஓசை எழுப்பும். கருவி பொய் கூறவில்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்கே அது விடை கூறுகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி இருந்தால் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். கால்சைட்டுப் படிகத்தை அச்செழுத்தின்மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தோன்றுவதை ஆசிரியர்கள் அறிவர். மொய்சனைட்டுக்கும் இந்த இரட்டை ஒளிவிலகல் உண்டு, வைரத்துக்கு இல்லை. கல்லின் மேல்முகம் வழியாக நேரே நோக்காமல் சற்றுச் சாய்த்து நோக்கினால், அடிப்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். நேரே நோக்கினால் அவ்விரட்டிப்புத் தெரியாதபடி கல்லைப் பட்டை தீட்டுவது வழக்கமாதலின், சாய்த்து நோக்குதல் இன்றியமையாதது.

எனினும், தாதரில் பணம் கட்டியோர் அனைவரும் கைக்கண்ணாடி கொண்டு சென்றிருந்தாலும் அவர்கள் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள். அங்குக் கல் மொய்சனைட் என்றே சொல்லித்தான் கொடுக்கப்பட்டது. சோதித்திருக்க வேண்டியது கல்லையன்று, கணக்கை. அதற்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

வாரம் 6 சதவீதம் என்றால் 52 வாரங்களுக்கு 312 சதவீதம். 2024-இல் வங்கிகள் ஓராண்டு முழுமைக்கும் கொடுத்த வட்டி 7 சதவீத அளவினது. ஆயிரம் பேர் தலைக்குப் பதினாயிரம் ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். சேர்ந்த தொகை 1 கோடி. வாரந்தோறும் கொடுக்கவேண்டியது 6 லட்சம். கடை வாடகை, ஆட்சம்பளம், கார்ப் பரிசு ஆகிய எதற்கும் ஒரு காசும் செலவிடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், பதினேழாம் வாரத்திலேயே பணம் தீர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டியது 3 கோடியே 12 லட்சம். குறையும் 2 கோடியே 12 லட்சத்தை ஈட்டித்தரும் தொழில் ஏதும் இல்லையாயின், அது புதிதாக வரும் 2,120 பேரிடமிருந்தே வரவேண்டும். அந்த 2,120 பேருக்குக் கொடுப்பதற்கோ அவர்கள் பணத்தில் ஒன்றும் மிஞ்சியிராது. அடுத்த தொகுதியில் 6,614 பேர் வேண்டும். அதன்பின் 20,637, பிறகு 64,387, பிறகு 2,00,888, பிறகு 6,26,771. எட்டாம் தொகுதியில் 19 லட்சத்தைத் தாண்டும். ஒன்பதாவதில் 61 லட்சம். பத்தாவதில் 1 கோடியே 90 லட்சம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரும் மும்பையின் மக்கள்தொகையே 1 கோடியே 24 லட்சந்தான். வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் மாணவர்களையே போடச் சொல்லலாம். வீட்டில் அவர்கள் அதைச் சொல்வார்கள்.

இவ்வித ஏமாற்று புதியதன்று. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் பான்சி என்பவர், வெளிநாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் வாங்கி வேறொரு நாட்டில் மாற்றினால் ஆதாயம் கிடைக்கும் என்று கூறி, 45 நாளில் 50 சதவீதம் வட்டி கொடுத்தார். அவர் வாங்கிய பணத்துக்கு ஈடாக 16 கோடிக் கூப்பன்கள் புழங்கியிருக்க வேண்டும். உண்மையில் புழங்கியவை ஏறத்தாழ 27,000 என்று அக்காலப் பத்திரிகையொன்று எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டினருக்கும் இதில் அனுபவம் குறைவன்று. 1990-களில் தேக்கு மரம் வளர்த்துத் தருவதாகக் கூறிய அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-இல் வீழ்ந்தது. 2012-இல் பெருந்துறையில் ஈமு பண்ணைத் திட்டம் வீழ்ந்தபோது, பணம் கட்டிய விவசாயிகளின் கொல்லையில் தீனி கேட்டு நின்ற பறவைகள் மட்டுமே எஞ்சின. கூப்பன், தேக்கு, ஈமு, மொய்சனைட் என்று பொருள்கள் மாறினவேயன்றிக் கணக்கு மாறவில்லை. இவை யாவும் மெய்யான பொருள்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். பொருளொன்று கையில் இருக்கும்போது, ‘வட்டி எங்கிருந்து வருகிறது?’ என்ற கேள்வி நாவில் எழுவதில்லை.

‘சீட்டுக் கட்டுவது மட்டும் வேறா?’ என்று சிலர் வினவலாம். வேறே. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறியோரிடையே சீட்டுப் பழக்கம் உண்டு; மராட்டியர் அதனைப் பிஷி என்பர். இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால் சேர்வது 20,000. ஒருவர் அவசரம் கருதி 16,000-க்கு ஏலம் எடுத்தால் எஞ்சுவது 4,000. அதில் சீட்டு நடத்துபவரின் கழிவு, 2019-இல் திருத்தப்பெற்ற சீட்டு நிதிச் சட்டப்படி, 7 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது, அஃதாவது 1,400. மீதம் 2,600-ஐ இருபது பேரும் பங்கிட்டால் தலைக்கு 130. அந்த 130 ரூபாயைக் கொடுத்தவர் யார் என்பதை விரல்நீட்டிக் காட்டலாம். பதிவு பெறாத சீட்டில் ஆபத்து உண்டு என்பது உண்மையே. ஆனால் அதன் ஆதாயம் காற்றிலிருந்து வருவதில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாயின், மக்கள் நம்பியது ஏன்? முதலில் சேர்ந்தவருக்குப் பணம் உண்மையாகவே வந்தது, அதுவே காரணம். அவர் அதை மறைக்கவில்லை. மைத்துனரிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் மகிழ்ச்சியோடு சொன்னார். பதினேழு வாரம் கடந்தபின் அவர் பெற்ற ஒவ்வொரு ரூபாயும் அம்மைத்துனர் கட்டிய ரூபாயாக இருக்கக்கூடும் என்பதை அவரும் அறியார். பொய்யான விளம்பரத்தை ஐயுறக் கற்ற மக்களும், பொய் சொல்லாத உறவினரின் சொல்லை ஐயுறுவதில்லை. சரிவு வந்தபின் இத்தகையோர் நிலை மிகக் கடினமானது. தம் பணம் போனது ஒருபுறம். உறவினர் வீட்டில் தலைகாட்ட இயலாமை மறுபுறம். ஆதலின் பலர் புகார் கொடுக்கவே முன்வருவதில்லை. களப்பணியாளர்கள் இவர்களைக் குற்றவாளிகள்போல் நடத்தாமல், புகார் எழுத உதவுதல் வேண்டும். ‘உமக்குப் பணம் வந்ததா?’ என்று பிறரை விசாரிப்பதால் பயனில்லை என்பதையும், ‘எந்தத் தொழிலின் லாபத்திலிருந்து வருகிறது?’ என்று கடைக்காரரை வினவ வேண்டும் என்பதையும் முன்கூட்டியே விளக்குதல் வேண்டும்.

அனுமதி பெறாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலும் மகாராஷ்டிரத்தில் 1999-ஆம் ஆண்டிலும் வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒரு நிறுவனம் வைப்புத் தொகை பெற உரிமை உடையதா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ என்னும் இணையதளத்தில் காணலாம். புகாரும் அங்கே பதியலாம். கடைகளைப் பற்றிய பொதுவான புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. தங்க நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி 2023 ஏப்ரல் முதல் இருந்தாக வேண்டும்; அது தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று, பதித்த கல்லுக்கன்று.

மேற்கூறிய மாநிலச் சட்டங்களின்படி நிறுவனத்தின் சொத்துக்கள் முடக்கப்பட்டு, நீதிமன்ற ஆணையின் பேரில் விற்கப்பட்டு, வைப்பாளர்களுக்குப் பங்கிடப்படும். இதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். பங்கு கோருபவரிடம் ரசீதும், வங்கிக் கணக்கில் பணம் சென்றதும் வந்ததுமான பதிவும் இருத்தல் வேண்டும். ஏமாந்த சினத்தில் சிலர் ரசீதைக் கிழித்துவிடுவதும் பதக்கத்தை வந்த விலைக்கு விற்றுவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தல் ஆகாது. ரசீதோடு பதக்கத்தையும் காகிதத்தில் பொதிந்து, வாங்கிய தேதியைக் குறித்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு அவர்களிடம் கூறுதல் வேண்டும்.