கைக்கேற்ற தூண்டில் கோல்



தூண்டில் கோல் ஒன்று வாங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சில வேளைகளில் அவர்களுடைய தந்தையரும் கேட்பதுண்டு. எந்தத் தண்ணீரில், எந்த மீனுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மிஞ்சுகிற காசில் வாங்கும் கோல், ஒரே மாதத்தில் ஒடிந்து மூலைக்குப் போகுமானால், அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவான கோல் ஆகாது.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். புஞ்சாக் ஆலாம், ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பாரிட் இருக்கிறது. தஞ்சோங் காராங் பக்கம் வயல் வாய்க்கால்கள் இருக்கின்றன. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிப் பழைய ஈயக் குட்டைகள் இருக்கின்றன. (2007க்கு முன்னர் அந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) இந்த மூன்று தண்ணீருக்கும் ஒரே கோல் பொருந்தாது.

பாரிட்டில் கிடைப்பவை கெலி, செப்பாட், பனையேறிக் கெண்டை என்னும் புயூ. இவற்றுக்குக் கடைக்கே போக வேண்டாம், மூங்கில் போதும். ஆறடி அகலப் பாரிட்டில் மெசின் வைத்த கோலை வீசினால், முள் எதிர்க்கரைச் செம்பனை மட்டையில்தான் போய் மாட்டும்! பத்தடி நீளமுள்ள, முற்றிய, மெல்லிய மூங்கிலாகப் பார்த்து வெட்டுங்கள். சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கரைந்துவிடும். வண்டு அரிப்பது குறையும். பிறகு அடிப்பக்கம் மேலாகக் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் சிறு கல்லைக் கட்டி, நிழலில் உலர்த்தினால் நேராக நிற்கும். தங்கூசியை நுனியில் மட்டும் கட்டாமல், கோலின் நடுவிலிருந்தே சுற்றிக் கொண்டுபோய் நுனியில் முடியுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் கையில் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: களைக்கொல்லி அடித்த பக்கத்துப் பாரிட்டில் பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுவராதீர்கள்.

விரால் பிடிக்க விரும்புகிறவருக்குத்தான் கடைக் கோல் தேவைப்படுகிறது. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் இந்த மீனைப் பிள்ளை பெற்ற தாய்க்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் எல்லா இனத்தவரும் சமைத்துக் கொடுக்கிறார்கள். அது புல்லும் தாமரையும் அடர்ந்த வாய்க்காலில் கிடக்கும். முள் பட்டதும் புல்லுக்குள் புகுந்துவிடும்.

கோல் எதற்காக வளைகிறது? வீட்டில் சோதித்துப் பாருங்கள். தையல் நூலில் ஒரு கல்லைக் கட்டி மெதுவாகத் தூக்கினால் நூல் தாங்கும். அதே கல்லை வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும். எடையைவிடத் திடீர் இழுப்பே நூலை அறுக்கிறது. இப்போது நூலை ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் கட்டி இழுங்கள். குச்சி வளைந்து அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும். கோலின் வேலையும் இதுதான். கையில் பிடித்துப் பார்க்கும்போது விறைப்பாக இருப்பதே நல்ல கோல் என்று நினைப்பது தவறு.

கைப்பிடிக்கு மேலே சில எண்கள் அச்சிட்டிருப்பார்கள். ஒன்று நீளம், அடிக்கணக்கில். இன்னொன்று அந்தக் கோல் ஏற்கும் தங்கூசியின் பலம், பவுண்டுக் கணக்கில். மூன்றாவது வீசக்கூடிய எடை, கிராமில். திலாப்பியாவுக்கும் கெலிக்கும் 6 முதல் 12 பவுண்டு என்று போட்டது போதும். புல்லுக்குள்ளிருந்து விராலை இழுக்க 10 முதல் 20 பவுண்டு தாங்குவது வேண்டும். நீளம் ஆறு அல்லது ஆறரை அடி. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக இரண்டு துண்டாகக் கழற்றுவது நல்லது. வானொலி ஏரியல் போல இழுத்து நீட்டும் கோல் கைக்கு அடக்கமானதுதான். ஆனால் அதன் மூட்டுகளில் மணல் புகுந்துவிடும், வளையங்களும் திரும்பிக்கொள்ளும். நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கடையில் வெட்கப்படாமல் சோதியுங்கள். இரு துண்டையும் பொருத்தி ஆட்டினால் 'டக் டக்' என்று சத்தம் வரக்கூடாது. அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பிறகு கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அது நாளைக்குத் தங்கூசியை அறுக்கும். வளைத்துப் பார்க்கிற சாக்கில் நுனியைக் கையால் பிடித்துச் சுருட்டிவிடாதீர்கள். புதுக் கோல்கள் பல அப்படித்தான் ஒடிகின்றன. 'பாதி விலை' என்ற அட்டையைப் பார்த்ததும் அவசரப்படவும் வேண்டாம். சூதாட்டத்தில் வரும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். கடை அட்டையும் ஒரு முள்தான்.

இனி, கண்ணாடி நார்க் கோலா, கார்பன் கோலா என்ற கேள்வி. கண்ணாடி நார் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தூண்டிலுக்கு வந்தது. கார்பன் 1970களில் வந்தது. கார்பன் எடை குறைந்தது, விலை கூடியது. எங்காவது இடித்துக் கீறல் விழுந்தால், பிறகு ஒருநாள் சட்டென்று முறியும். அதைவிடப் பெரிய விஷயம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்பது தோட்டத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கார்பன் கோலும் அப்படித்தான். ஆகவே, நம் பிள்ளைகளுக்குக் கண்ணாடி நார்க் கோலே ஏற்றது. விலையும் குறைவு, அடியும் தாங்கும். ஆனாலும் நனைந்த கோல் எதுவானாலும் மின்கம்பிக்கு அடியில் தூக்கக்கூடாது. இடி கேட்டதும் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஈயக் குட்டைகளில் கரை சட்டென்று ஆழத்தில் இறங்கும். அங்கே ஏழடிக் கோல் எடுங்கள். கரையின் விளிம்புக்குப் போகாமல் பின்னால் நின்றே வீசலாம். வேலி போட்ட குட்டைக்குள் நுழைய வேண்டாம். சிறுவர்களைத் தனியாக அனுப்பவே வேண்டாம்.

கையில் எண்பது வெள்ளி இருந்தால் எப்படிப் பிரிப்பது? கோலுக்கு முப்பத்தைந்து, மெசினுக்கு முப்பது, மீதி நல்ல தங்கூசிக்கும் முள்ளுக்கும் என்பேன். பலர் மெசினிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு மட்டமான தங்கூசியைச் சுற்றுகிறார்கள். மெசினின் பிரேக்கைத் தங்கூசியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். மூட்டு இறுகிக் கழறவில்லையானால் குறடு வைத்துத் திருகாதீர்கள். சற்றுக் குந்தி, கோலை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, மூட்டுக்கு இரு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெல்ல வெளிப்பக்கம் விரியுங்கள், கழன்றுவிடும். அடுத்த முறை பொருத்துவதற்கு முன் மூட்டில் கொஞ்சம் மெழுகுவத்தி தேய்த்துக்கொள்ளுங்கள்.